ஓட முடியாதவரா கோல்கீப்பர்?

லீவு நாளில் பருத்திப்பட்டு தெருவில் பிள்ளைகள் கூடினால், கோலுக்கு யார் என்று பெரிய ஆலோசனையெல்லாம் நடப்பதில்லை. கூட்டத்திலேயே சின்னவன், இல்லாவிட்டால் வேகமாக ஓட வராதவன். "நீ போய் நில்லுடா!" அவ்வளவுதான். பந்து உள்ளே போனால் திட்டு அவனுக்கு. பத்து பந்தைத் தடுத்தாலும் கோல் போட்டவன் பேர்தான் வீடு வரை வரும்.

கேரளத்தின் கிழக்கம்பலத்தைச் சேர்ந்த பி.ஆர்.ஸ்ரீஜேஷையும், திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியில் பயிற்சியாளர்தான் கோலுக்குள் போகச் சொன்னார். மற்ற பையன்கள் மட்டையும் ஷூவும் இருந்தால் ஆடிவிடலாம். கோல்கீப்பருக்கு ஹெல்மெட், கழுத்துக் காப்பு, மார்புக் கவசம், கையுறை, கால் பேட், ஷூவுக்கு மேலே கிக்கர் என்று பட்டியல் நீளும். விவசாயியான அப்பா, பசுவை விற்று அதையெல்லாம் வாங்கிக் கொடுத்தார். பால் தரும் மாட்டை விற்பது என்றால் சும்மாவா?

இத்தனை கவசமும் ஏன்? ஹாக்கி கோல் 12 அடி அகலம், 7 அடி உயரம். பெனால்டி கார்னரில் பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் சீறி வரும். கண்ணால் பார்த்து யோசித்துக் கை நீட்ட நேரமில்லை. அடிப்பவரின் தோளும் மட்டையும் திரும்புவதை வைத்தே கணிக்க வேண்டும். மைதானம் முழுவதும் கண்ணுக்குத் தெரிவதும் கோல்கீப்பருக்குத்தான். யாரை மறிப்பது, எங்கே இடைவெளி என்று தடுப்பாட்டக்காரர்களுக்கு ஓயாமல் கத்திச் சொல்ல வேண்டும். பாதி வேலை தொண்டையில்!

2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி. எதிரில் பிரிட்டன். ஆரம்பத்திலேயே அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, இந்தியா பத்துப் பேரோடு சமாளித்தது. ஆட்டம் 1-1. அடுத்து ஷூட்-அவுட். 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருவர் பந்தோடு வருவார், 8 விநாடிக்குள் கோல் போட வேண்டும். துணைக்கு யாரும் கிடையாது. கோல்கீப்பரும் முன்னேறி வந்து மறிக்கலாம். ஸ்ரீஜேஷ் நிற்க, 4-2 என்று இந்தியா வென்றது. நான்கு நாள் கழித்து வெண்கலம். அவர் அணிந்த 16-ம் எண்ணை சீனியர் அணியில் இனி யாருக்கும் தருவதில்லை என்று ஹாக்கி இந்தியா முடிவு செய்தது.

எல்லாருக்கும் இப்படி அமைந்துவிடவில்லை. 1956, 1964 ஒலிம்பிக் இறுதிப் போட்டிகளில் பாகிஸ்தானை ஒரு கோல்கூடப் போடவிடாமல் தடுத்தவர் ராணுவ வீரர் சங்கர் லட்சுமண். இரண்டிலும் 1-0. பந்தை மறித்த அந்தக் கால் பிற்காலத்தில் அழுகி, வறுமையோடு 2006-ல் இறந்தார். பத்மஸ்ரீ வாங்கியவர் அவர்.

2025 டிசம்பரில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஜூனியர் உலகக் கோப்பை காலிறுதி. பெல்ஜியத்தோடு 2-2. மறுபடியும் ஷூட்-அவுட். கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் தடுத்த தடுப்பில் 4-3 என்று இந்தியா தப்பியது. கோட்டுக்கு வெளியே பயிற்சியாளராக இருந்தவர் ஸ்ரீஜேஷ்!

ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர் ஒன்றும் தூரமில்லை. அடுத்து அங்கே ஆட்டம் நடக்கும்போது பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது இந்தக் கோடியில் இருப்பவரைக் கொஞ்சம் பாருங்கள். சும்மா நிற்கமாட்டார், கையை ஆட்டிக் கத்திக்கொண்டே இருப்பார்.