அடுப்பின் வயதை யாரிடம் கேட்பது?

பழைய வார்ப்பிரும்பு விறகடுப்பொன்று விற்பனைக்கு வரும்போது, அதன் கதவிலோ மேல்தகட்டிலோ பொறிக்கப்பட்டிருக்கும் ஆண்டே முதலில் விளம்பரத்தில் இடம்பெறுகிறது. ‘1874ஆம் ஆண்டு அடுப்பு’ என்று விற்பவர் எழுதுகிறார். வாங்குபவரும் அதை அப்படியே நம்பி, வீட்டிற்கு வரும் விருந்தினரிடமெல்லாம் சொல்லிக்கொள்கிறார். பெரும்பாலும் அது பிழை.

அமெரிக்க அடுப்புகளில் காணப்படும் அத்தகைய ஆண்டு, காப்புரிமை வழங்கப்பட்ட நாளைக் குறிப்பது. அடுப்பு வார்க்கப்பட்ட நாளை அன்று. 1861ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் அங்கே காப்புரிமை 17 ஆண்டுகள் செல்லுபடியாயிற்று. அக்காலம் முழுவதும், சில வேளைகளில் அதைக் கடந்தும், அதே அச்சில் அதே எழுத்துகளோடு அடுப்புகள் வார்க்கப்பட்டுவந்தன. ஆகவே 1874 என்னும் பொறிப்பு உறுதியாகச் சொல்வது ஒன்றையே: இந்த அடுப்பு அவ்வாண்டுக்கு முந்தையதன்று. ஒரே அடுப்பில் மூன்று நான்கு நாள்கள் பொறிக்கப்பட்டிருந்தால், அவற்றுள் கடைசி நாளே கணக்கிற்கு உரியது.

மேல் எல்லையை வேறு சான்றுகளிலிருந்து வருவிக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் டிராய், ஆல்பனி ஆகிய நகரங்கள் 19ஆம் நூற்றாண்டில் அடுப்பு வார்ப்புக்குப் பெயர்பெற்றவை. அங்கிருந்த ஒரு வார்ப்பாலை எந்த ஆண்டில் பெயர் மாறியது, எந்த ஆண்டில் மூடப்பட்டது என்பது பழைய நகர முகவரிப் புத்தகங்களில் கிடைக்கும். நிக்கல் முலாமிட்ட விளிம்புகள் 1870களுக்குப் பிறகே பரவின. வெளிர்நிற எனாமல் பூச்சு உடல் முழுவதையும் மூடியிருந்தால், அது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளைச் சேர்ந்தது. இவற்றிற்கெல்லாம் மேலாக ஓர் எச்சரிக்கை உண்டு. அடுப்பின் உறுப்புகள் தேயும், மாற்றப்படும். பழைய உறுப்பையே அச்சாக வைத்து மணலில் புதிதாக வார்த்திருந்தால், இரும்பு குளிரும்போது ஏறத்தாழ 1 விழுக்காடு சுருங்குவதால், நகல் மூலத்தைவிடச் சற்றே சிறியதாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுருக்கம் அளவுகோலுக்குத் தப்பாது. எழுத்தை நம்பாமல் பொருளை அளந்து பார்ப்பதே இங்கு ஆய்வின் ஒழுக்கம்.

இந்த ஒழுக்கத்தை இந்தியச் சமையலறைக்குக் கொண்டுவந்தால் நிலைமை தலைகீழாகிறது. வட இந்தியாவின் சூல்ஹா ஆயினும், தெற்கின் கொடியடுப்பு ஆயினும், மண்ணால் ஆன அடுப்பில் எழுத்தே இல்லை. செய்தவர் பெயர் இல்லை. அவர் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்தான் என்பதால் பெயர் எழுதும் வழக்கமும் எழவில்லை. பழைமைக்குக் குறைவில்லை. ராஜஸ்தானத்தின் காளிபங்கன் அகழாய்வில், இன்றைய தந்தூர் அடுப்பை ஒத்த வடிவில் தரைக்கு மேலும் கீழும் அமைந்த அடுப்புகள் கிடைத்துள்ளன. ஆனால் நூறாண்டு பழைய அடுப்பு ஒன்றைக் காட்டுமாறு கேட்டால், காட்டுவதற்கு ஏதுமில்லை. சென்ற தலைமுறையின் பித்தளைக் குடம் பரணில் இருக்கிறது, அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. அடுப்பைப் பெயர்த்தால் உடைந்துபோகும்.

ஆய்வுக்கூடம் இங்கே கைகொடுக்குமா என்றால், அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சுட்ட மண்ணின் காலத்தை வெப்ப ஒளிர்வு முறையால் கணிக்கலாம். தொல்காந்தவியல் முறையாலும் கணிக்கலாம். இரண்டும் அந்த மண் கடைசியாக மிகுந்த வெப்பத்திற்கு உள்ளான நேரத்தையே சொல்லும். நாள்தோறும் எரியும் அடுப்பில் அந்தக் கடிகாரம் நாள்தோறும் பூச்சியத்திற்குத் திரும்புகிறது. அடுப்பு தன் கடைசி நெருப்பை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. இரும்பு அடுப்பு வடிவமைப்பின் பிறந்தநாளைத் தன் பிறந்தநாளாகச் சொல்கிறது என்றால், மண்ணடுப்பு தன் இறந்தநாளை மட்டும் சொல்கிறது. கரித்துண்டை எடுத்துக் கரிமக் காலக்கணிப்புச் செய்யலாம். அது மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லும், அடுப்புக் கட்டிய காலத்தை அன்று. சாம்பலோ பாத்திரம் துலக்கப் போய்விட்டது.

எஞ்சுவது மெழுகல். மண்ணும் சாணமும் கலந்து அடுப்பை மீண்டும் மீண்டும் மெழுகும்போது அடுக்கின்மேல் அடுக்கு படிகிறது. துருக்கியின் சத்தால்ஹூயூக் தொல்லூரில் சுவர்ப்பூச்சின் மெல்லிய அடுக்குகளை நுண்ணோக்கியில் எண்ணி, ஒரு வீட்டில் மக்கள் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தனர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கின்றனர். அதே முறையை ஓர் இந்திய அடுப்பின் வெட்டுத்துண்டில் செய்து பார்ப்பதில் தொழில்நுட்பத் தடை எதுவுமில்லை. எத்தனை நாளுக்கொருமுறை மெழுகப்பட்டது என்பது தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். அதை மெழுகியவரே சொல்ல முடியும்.

இங்கேதான் அவசரம் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டுக் குடும்பங்களில் 49 விழுக்காடு விறகில் சமைத்தன. அக்கணக்கெடுப்பு எரிபொருளைக் கேட்டது. அடுப்பின் வடிவத்தையும் வயதையும் கேட்கவில்லை. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 10 கோடி எரிவாயு இணைப்புகள் வழங்கப்பட்டுவிட்டன. புகையில் கண்ணெரிந்து, நுரையீரல் கெட்ட பெண்களின் பக்கம் நின்று பார்த்தால் அதை வரவேற்காமல் இருக்க இயலாது. மண்ணடுப்புக்காக ஏங்குவோர் பெரும்பாலும் அதன்முன் குந்தியிருந்தவர்கள் அல்லர். எனினும் ஒரு பொருள் ஒழிய வேண்டும் என்பதும், அது பதிவின்றி ஒழிய வேண்டும் என்பதும் ஒன்றல்ல. 1953இல் ஹைதராபாத்தின் எஸ்.பி. ராஜு வெளியிட்ட புகையில்லா அடுப்பின் வடிவம் அச்சில் இருக்கிறது. 1980களில் தொடங்கி 2002இல் நிறுத்தப்பட்ட தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தின் வடிவங்களும் கோப்புகளில் இருக்கின்றன. பொறியாளர் வரைந்த அடுப்புக்கு ஆவணம் உண்டு. அவர் திருத்த முனைந்த அடுப்புக்கு, அதைக் கையால் பிசைந்தவரின் நினைவே ஆவணம். அவர்களுள் பலர் எழுபதைக் கடந்துவிட்டனர்.

அடுப்புக் கட்டி எத்தனை ஆண்டாயிற்று என்று நேராகக் கேட்டால், அவர்களிடமிருந்து “அது எப்போதும் இருக்கிறது” என்ற விடையே வரக்கூடும். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: பக்கத்து வாய் எப்போது சேர்க்கப்பட்டது? மூத்த மருமகள் வந்த ஆண்டு என்று ஒருவர் சொன்னால், அந்த மருமகளின் பெயர் ரேஷன் அட்டையில் சேர்க்கப்பட்ட நாளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.