அயர்ந்தீரா, தமிழரே? ஏரைக் கையில் எடுங்கள்!



அண்மைக் காலமாக நம் அன்பர்களின் மடல்களிலும் உரையாட்டுகளிலும் ஒரு சொல் அடிக்கடி தலைகாட்டுகின்றது. "சோர்ந்துபோனோம்" என்பதே அச்சொல். கூட்டம் கூட்டினோம், இதழ் சுமந்து விற்றோம், சிறையும் சென்றோம், ஆயினும் தெருவெங்கும் ஆங்கிலப் பலகை, வீடெங்கும் கலப்புப் பேச்சு, திரையெங்கும் தமிழ்க்கொலை, இனி யார்க்காக உழைப்பது என்று பெருமூச்செறிகின்றனர்.

இப்பெருமூச்சை நாம் எள்ளவில்லை. உழைத்தவனுக்கே அயர்வு வரும். உழைக்காதவனுக்கு வருவது கொட்டாவி. ஆனால், அயர்வு வேறு. அயர்வையே அறிவுடைமையாக வேடம் கட்டி, "தனித்தமிழ் தோற்றுவிட்டது, காலத்தோடு ஒத்துப்போங்கள்" என்று இளைஞர்க்கு ஓதுவது வேறு. முன்னது உடலின் இயல்பு. அதற்கு உணவும் உறக்கமும் போதும். பின்னது உள்ளத்தின் மடிமை. அதற்கு உறக்கத்தையே மருந்தாகக் கொடுத்தால் நோய்தான் முற்றும்.

"முதலில் ஊக்கம் பிறக்கட்டும், பிறகு உழைப்போம்" என்கின்றனர் இவர்கள். ஊக்கம் என்ன, வானிலிருந்து விழும் மழையா, வாயிலில் கட்டிலிட்டுக் காத்திருப்பதற்கு? திருவள்ளுவப் பேராசான் ஊக்கமுடைமையை 60ஆம் அதிகாரமாக வைத்தார், அத்தோடு விட்டாரா? அடுத்து மடியின்மையை வைத்தார். அதனையடுத்து ஆள்வினையுடைமையை வைத்தார். அதன் பின்னரே, 63ஆம் அதிகாரமாக, இடுக்கண் அழியாமையை வைத்தார். ஊக்கத்திற்கும் இடுக்கண் கண்டு கலங்காத உறுதிக்கும் இடையே மடியை விரட்டுதலும் வினையாற்றுதலும் நிற்கின்றன. நடுவிலுள்ள இவ்விரண்டையும் விட்டுவிட்டு இறுதியிலுள்ள உறுதியை மட்டும் கேட்பவன், உழாமல் அறுவடை கேட்பவன்.

சான்று வேண்டுமா? மொழிஞாயிறு பாவாணரை எண்ணிப்பாருங்கள். 1902இல் பிறந்த அப்பெருமகனார் 1961இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பணியை இழந்தபோது அவர்க்கு அகவை 59. மற்றவர்கள் ஓய்வுநாற்காலி தேடும் அகவை அது. 1963இல் வாழ்க்கைத்துணைவியாரும் மறைந்தார். பணியில்லை, துணையில்லை, பொருளுமில்லை. சோர்வதற்கு இதைவிடப் பெரிய கரணியம் எவர்க்கு வேண்டும்? அவரோ எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. தமிழே உலகின் முதற்செம்மொழி என்று நாட்டும் ஆங்கில நூலை 1966இல் வெளியிட்டார். 'வேர்ச்சொற் கட்டுரைகள்' 1973இல் வந்தது. பாவலரேறு பெருஞ்சித்திரனார் 'தென்மொழி' வாயிலாக அன்பர்களிடம் திங்கள்தோறும் பொருள் திரட்டி அகரமுதலிப் பணிக்குத் தோள்கொடுத்தார். 1974இல், தம் 72ஆம் அகவையில், அரசின் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்கு இயக்குநரானார் பாவாணர். 1981 சனவரியில் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றியவர், அடுத்த சில நாள்களிலேயே மறைந்தார்.

அகரமுதலியின் முதற்பகுதி வெளிவந்ததோ 1985இல்! அதன் அச்சு மணத்தை அவர் நுகரவேயில்லை. ஆயினும் பணி நின்றதா? அவர் இட்ட அடிப்படையின்மேல் பின்வந்தோர் கட்டினர். 2011இல் 31 பகுதிகளாக அது நிறைவெய்தியது. "என் கண்முன் விளையவில்லையே" என்று அவர் 1963இல் குந்தியிருந்தால், இன்று நாம் எடுத்துப் புரட்ட எது இருந்திருக்கும்?

மற்றொன்றும் கேளுங்கள். தமிழ்நாடு என்னும் பெயர் வேண்டும் என்று உண்ணாநோன்பிருந்து 1956இல் சங்கரலிங்கனார் உயிர்துறந்தபோது, அவ்வீகம் வீணென்று சொன்னவர் இருந்திருப்பர். 1967இல் சட்டமன்றத்தில் அப்பெயர்த் தீர்மானம் நிறைவேறியது. 1969இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அக்கோரிக்கையைச் சலியாமல் சொல்லிக்கொண்டே இருந்தவர்களால்தான் அது செத்துப்போகவில்லை.

நம் சொற்களும் அவ்வாறே வென்றன. அக்கிராசனர் தலைவரானார், அபேட்சகர் வேட்பாளரானார், அங்கத்தினர் உறுப்பினரானார், வந்தனோபசாரம் நன்றியுரையாயிற்று. இவற்றைத் தனித்தமிழ் என்று அறியாமலே இன்று நம் பகைவரும் வழங்குகின்றனர். இவ்வெற்றி ஒருநாள் ஊர்வலத்தால் வந்ததா? எள்ளலுக்கு அஞ்சாமல் அழைப்பிதழிலும் மேடையிலும் வகுப்பறையிலும் ஆயிரம் முறை எழுதியும் பேசியும் பழக்கியதால் வந்தது. அன்றாடச் சிறுபணியே அதற்கு உரமிட்டது.

நம் அயர்வின் வேரும் இங்கேதான் இருக்கின்றது. கூட்டத்தின் அளவை வினையின் அளவாகக் கொண்டோம். ஆயிரவர் திரண்ட நாளில் ஆற்றல் பெருகியது என்றோம். பத்துப்பேர் வந்த நாளில் எல்லாம் முடிந்தது என்றோம். உழவன் இவ்வாறு எண்ணுவதில்லை. அறுவடை முடிந்து நிலம் வெடித்துக் கிடக்கும்போதும், கோடைமழை ஒன்று பெய்தால் அவன் ஏர் பூட்டுகின்றான். பயிர் ஏதுமில்லா வயலில் உழுகின்றானே என்று அறியாதவன் நகைப்பான். அடுத்த மழை நிலத்துள் இறங்குவது அக்கோடையுழவால்தான் என்பது அவனுக்குத் தெரியும். இன்று நமக்குக் கோடை. ஆகவே இது உழவுக்காலம்.

உழவேண்டிய வயலும் கண்முன்னே கிடக்கின்றது. கருநாடக அரசின் ஆணை பற்றிய வழக்கில், தொடக்கப்பள்ளியில் தாய்மொழியையே பயிற்றுமொழியாக அரசு கட்டாயப்படுத்த இயலாது என்று இந்திய உச்ச முறைமன்றத்தின் ஐவர் அமர்வு 2014இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைக் கண்டு நம்மவர் பலர் நிலைகுலைந்தனர். தீர்ப்பு கொடிதே! ஆனால் அது அடைத்தது அரசின் வாயிலை; பெற்றோரின் வாயிலை எந்த மன்றமும் அடைக்கவில்லை. தம் பிள்ளையைத் தமிழ்வழியில் சேர்க்க வேண்டாம் என்று எந்த அமர்வும் சொல்லவில்லை. மேடையில் தமிழ்வழிக் கல்வி முழங்கிவிட்டு, விடிந்ததும் பேரப்பிள்ளையை ஆங்கிலப்பள்ளி ஊர்தியில் ஏற்றிவிடுபவர் "இயக்கம் ஓய்ந்தது" என்று சொல்வதை எவன் நம்புவான்? ஓய்ந்தது இயக்கமா, அவரா?

எனவே அன்பர்களே, ஊக்கம் வரும்வரை காத்திராதீர்கள். இக்கிழமையே ஒரு பணி செய்யுங்கள். உங்கள் தெருக்கடை ஒன்றின் பெயர்ப்பலகையைத் தமிழாக்கித் தாருங்கள். வைப்பகத்தில் தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். உறவினர் வீட்டுக் குழந்தைக்குத் தமிழ்ப்பெயர் ஒன்று தேடிக்கொடுங்கள். ஓர் இளைஞனை உட்காரவைத்து நாள்தோறும் பத்து வேர்ச்சொல் சொல்லிக்கொடுங்கள். உடல் தளர்ந்தவர் ஓய்வெடுக்கட்டும். ஆனால் ஏரைக் கீழே போடாமல் அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கட்டும்.

முதல் சால் கடினமாகத்தான் இருக்கும். மூன்றாம் சாலில் கை பழகும். பத்தாம் சாலில் அயர்வு எங்கே போயிற்று என்று நீங்களே வியப்பீர்கள். வினையில் இறங்கியவனுக்கே ஆற்றல் ஊறும். தோண்டத் தோண்டத்தான் கிணறு சுரக்கும்.

எழுக தமிழரே! ஏர் காத்திருக்கின்றது!