ஜெர்சிக்கு முன் அளவெடுங்கள்



குறுவட்டப் போட்டிகள் நெருங்கியதும் பல பள்ளிகள் அணி ஜெர்சிக்கு அவசரமாக ஆர்டர் கொடுக்கின்றன. அளவு பாராமல் வாங்குவதால் சிலருக்குத் தொளதொள, சிலருக்கு இறுக்கம். கபடி ஆடும் மாணவிகளுக்கு இது பெரும் சங்கடம்.

வெயிலில் ஆட, வியர்வை சீக்கிரம் உலரும் பாலியெஸ்டர் துணி ஏற்றது. அதில் சப்ளிமேஷன் முறையில் அச்சிட்டால் சாயம் இழைக்குள் இறங்கிவிடும். பெயரும் எண்ணும் உரியாது. பருத்தியில் அந்த அச்சு நிற்காது. ஒவ்வொருவருக்கும் அளவெடுத்து, மாதிரி ஒன்றை வாங்கித் துவைத்துப் பார்த்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும்.

பின்னலாடைக்குப் பேர்போன திருப்பூர் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. பள்ளிகள் சில சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். பணம் கட்ட இயலாத பிள்ளைக்கும் அதே ஜெர்சி கிடைக்க முன்னாள் மாணவர்கள் கைகொடுக்க வேண்டும்.

– உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், ஈரோடு