காய்ச்சலுடன் மூச்சுத் திணறல்: காரணம் தெரியாமல் கழியும் நாள்களே பேராபத்து

பாலக்காடு: காய்ச்சலுடன் மருத்துவமனைக்கு வரும் ஒருவருக்கு ஓரிரு நாள்களில் மூச்சுத் திணறல் ஏற்படுகிறது. வழக்கமான மருந்துகளுக்கு நோய் கட்டுப்படவில்லை. முதல்கட்டப் பரிசோதனைகளிலும் காரணம் புலப்படவில்லை. தமிழ்நாட்டை ஒட்டியுள்ள பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் இத்தகைய நோயாளிகளை மருத்துவர்கள் தனிக் கவனத்துடன் அணுக வேண்டியுள்ளது. நிபா வைரஸ் இவ்விரு மாவட்டங்களிலும் தடம் பதித்திருப்பதே அதற்குக் காரணம்.

2025 மே முதல் ஜூலை வரையிலான காலத்தில் கேரளத்தில் நால்வருக்கு நிபா தொற்று உறுதியானது. மலப்புரத்தில் இருவர், பாலக்காட்டில் இருவர் எனப் பதிவான இவர்களில் இருவர் உயிரிழந்தனர். இதையடுத்து வாளையார் உள்ளிட்ட எல்லைச் சோதனைச் சாவடிகளில் தமிழ்நாடு சுகாதாரத் துறையினர் பயணிகளுக்கு உடல் வெப்பப் பரிசோதனை நடத்தினர்.

இடுக்கி மாவட்டத்தின் பெயர் 2019-லேயே இந்நோயுடன் சேர்த்துப் பேசப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் எர்ணாகுளத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. அவர் பயின்ற இடம் இடுக்கி மாவட்டத்தின் தொடுபுழா. விசாரணையின்போது பிடிக்கப்பட்ட 36 பழந்தின்னி வௌவால்களில் 12-இல் நிபாவுக்கு எதிரான நோயெதிர்ப்புப் பொருள் இருந்ததாக மத்திய அரசு தெரிவித்தது.

அறிகுறிகள் பல, நோய்களும் பல

காய்ச்சலும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வந்தாலே நிபா என்று அஞ்சத் தேவையில்லை. மழைக்காலத்தில் மலையோர மாவட்டங்களில் பரவும் இன்ஃப்ளூயன்சா, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் ஆகியவையும் முற்றிய நிலையில் நுரையீரலைத் தாக்கக்கூடியவை. பாக்டீரியாவால் வரும் நிமோனியாவே இவ்வறிகுறிகளுக்கு மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்று.

இடுக்கியின் ஏலத் தோட்டங்களைப் பொறுத்தவரை இன்னொரு காரணத்தையும் ஒதுக்க இயலாது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லியின் நஞ்சு உடலில் ஏறினால் மூச்சுக்குழாயில் நீர் சுரந்து மூச்சு முட்டும். காய்ச்சல் இன்றி மிகுந்த வியர்வை, எச்சில் பெருக்கம், கண்மணி சுருங்குதல் ஆகியவை தென்படுவது இதன் அடையாளம். இதற்கு அட்ரோபின் என்ற முறிமருந்து உண்டு. எனவே, நோயாளி என்ன வேலை செய்கிறார், கடைசியாக எப்போது மருந்து தெளித்தார் என்ற கேள்விகளே சில வேளைகளில் உயிர்காக்கும் பரிசோதனையாக அமைகின்றன.

தவறிய கணிப்பு தந்த பாடம்

காரணத்தைத் தவறாகக் கணித்தால் என்ன நேரும் என்பதற்கு மலேசியாவே சான்று. 1998 செப்டம்பரில் பேராக் மாநிலத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களிடையே மூளைக்காய்ச்சல் பரவியது. அதனை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதிய அதிகாரிகள் கொசு மருந்து அடித்தனர். பன்றிகளுக்குத் தடுப்பூசி போட்டனர். நோய் அடங்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர் சுவா காவ் பிங் புதிய வைரஸைக் கண்டறிந்த பிறகே நடவடிக்கைகள் திசைமாறின. அதற்குள் நோய் பல இடங்களுக்குப் பரவிவிட்டது. மலேசியாவில் 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 10 லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன.

மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 2001 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் 66 பேர் இனந்தெரியாத காய்ச்சலுக்கு ஆளாகி, 45 பேர் இறந்தனர். பாதுகாத்து வைக்கப்பட்ட மாதிரிகளை ஆராய்ந்து, அது நிபா எனக் காட்டும் ஆய்வறிக்கை 2006-இல்தான் வெளியானது.

கேரளத்தில் இந்த இடைவெளி நாள்களாகக் குறைந்தது. 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து நோய் கண்டபோது மருத்துவர்களுக்குச் சந்தேகம் எழுந்தது. மணிப்பால் ஆய்வகம் வைரஸை அடையாளம் காண, புனேவின் தேசிய வைராலஜி நிறுவனம் அதனை உறுதி செய்தது. ஆனால், முதல் நோயாளி பரிசோதனை ஏதுமின்றி மே 5-ஆம் தேதியே இறந்துவிட்டார். அடையாளம் காணப்படாத அந்த நாள்களில் மருத்துவமனைகளுக்குள்ளேயே நோய் பலருக்குப் பரவியது. நோயாளியைப் பராமரித்த செவிலியர் லினி புதுச்சேரியும் உயிரிழந்தார். மொத்தம் 17 பேர் பலியானதாக அரசு அறிவித்தது.

2023-இல் கோழிக்கோட்டில் மீண்டும் இதுவே நிகழ்ந்தது. ஆகஸ்ட் 30-இல் இறந்தவருக்கு நிபா என அப்போது யாரும் ஐயுறவில்லை. உறவினர்கள் நோயுற்று, செப்டம்பர் 11-இல் இரண்டாவது மரணம் நிகழ்ந்த நிலையில்தான் உண்மை தெரிந்தது. இதற்கு மாறாக, 2019-இல் மாணவரின் நோய் விரைவில் கண்டறியப்பட்டது. 300-க்கும் மேற்பட்டோர் கண்காணிக்கப்பட்டனர். ஒருவருக்குக்கூட நோய் பரவவில்லை. மாணவரும் பிழைத்தார்.

சோதனைச் சாவடி போதுமா?

இந்த அனுபவங்களை வைத்துப் பார்த்தால், எல்லையில் வெப்பமானி பிடிப்பது பயனற்றதல்ல என்றாலும் அதன் பயன் மிகக் குறைவே. தொற்றியவருக்கு அறிகுறி தோன்றப் பொதுவாக 4 முதல் 14 நாள்கள் ஆகலாம். அந்நாள்களில் சாவடியைக் கடப்பவருக்குக் காய்ச்சல் இருக்காது. வௌவால்களுக்கோ மாநில எல்லை கிடையாது. தமிழ்நாட்டு வௌவால்களிலும் நிபாவுக்கான சான்றுகள் கிடைத்துள்ளன.

தேனி மாவட்டத்தின் கம்பம், போடி பகுதிகளிலிருந்து கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்ட வேலைக்குத் தொழிலாளர்கள் அன்றாடம் ஜீப்புகளில் சென்று திரும்புகின்றனர். நோய் வந்தால் இடுக்கியின் தமிழர்கள் பலர் தேனிக்கும் மதுரைக்கும், பாலக்காட்டு மக்கள் கோவைக்கும் சிகிச்சைக்கு வருகின்றனர். ஆகவே, அடுத்த முதல் நோயாளி தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றின் படுக்கையில் இருக்கவும் வாய்ப்புண்டு.

எனவே, கவனம் சாவடியிலிருந்து மருத்துவமனைக்கு மாற வேண்டியது அவசியம். ஒரே வீட்டில் அல்லது ஒரே தோட்டக் குடியிருப்பில் இருவருக்குக் காய்ச்சலுடன் மூச்சுத் திணறல் கண்டால் உடனடியாக மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவித்தல், காரணம் புலப்படாத மரணங்களில் மாதிரிகளைப் பாதுகாத்தல், எல்லையின் இருபுற மாவட்ட அதிகாரிகளும் நோயாளி விவரங்களை அன்றன்றே பரிமாறிக்கொள்ளுதல் ஆகிய மூன்றுக்கும் பெரும் செலவு தேவையில்லை. செவிலியர்களுக்கு முகக்கவசமும் கையுறையும் தடையின்றிக் கிடைப்பதும் இதன் பகுதியே.

நிபாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசியோ மருந்தோ இன்றுவரை இல்லை. பாதிக்கப்படுவோரில் 40 முதல் 75 சதவீதத்தினர் இறக்கக்கூடும் என உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. இந்நிலையில் காரணத்தை விரைந்து கண்டறிவதே அடுத்தவருக்குப் பரவாமல் தடுக்கும் வலுவான வழி. முதல் நோயாளியைக் காண்கிற மருத்துவருக்கு எழும் சந்தேகத்தில்தான் அது தொடங்குகிறது.