காருக்குக் குட்டை ஸ்பிரிங் தேவையா?

வீட்டையும் உடம்பையும் பற்றிப் பேசுகிற பக்கத்தில் கார் ஸ்பிரிங் எங்கே வந்தது என்று முகவாயில் கை வைக்காதீர்கள், சகோதரிகளே! எங்கள் களமருதூர்ப் பக்கத்திலேயே இப்போது தெருவுக்கு நாலு கார் நிற்கிறது. வாங்கிய கையோடு அதைத் தாழ்த்திவிட வேண்டும் என்று சில பையன்களுக்கு ஓர் ஆசை.

என் நாத்தனார் மகனுக்கும் அது வந்திருக்கிறது. "லோயரிங் ஸ்பிரிங் போட்டா வண்டி சிங்கம் மாதிரி குந்திக்கும் அத்தை!" என்கிறான். அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம். எனக்கு அக்கறை வந்தது அதனால்தான்.

சமாசாரம் இதுதான். சக்கரத்துக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. கம்பெனி கொடுத்ததைக் கழற்றிவிட்டு, அதைவிடக் குட்டையான, விறைப்பான ஒன்றை மாட்டுவார்கள். வண்டி ஒன்று, ஒன்றரை அங்குலம் இறங்கிவிடும்.

நம் வீட்டுத் தூளி ஸ்பிரிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அது இழுபடுகிற ஜாதி, காரில் இருப்பது அமுங்குகிற ஜாதி, தத்துவம் ஒன்றுதான். இளக்கமாக இருந்தால் குழந்தை சுகமாக ஆடும். விறைப்பாக இருந்தால் வெடுக் வெடுக்கென்று உலுக்கும்; பிள்ளை வீலென்று கத்தும். தாழ்த்திய காரில் அமுங்க இடம் குறைவு. அதனால் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்துக்குப் பள்ளம் அடிவரை அமுங்கி 'டங்'கென்று முட்டும்.

பையனை முட்டாள் என்று சொல்ல மாட்டேன். பாரம் தரைக்குக் கிட்டே வந்தால் வளைவில் வண்டி சாய்வது குறையும். பந்தயக் கார்கள் தரையைத் தடவிக்கொண்டு ஓடுவது அதற்காகவும்தான். ஆனால் பந்தயப் பாதையில் கரும்பு டிராக்டர் உழுத பள்ளம் உண்டா? ஐப்பசி, கார்த்திகையில் குழி எது, தரை எது என்று தெரியாமல் தண்ணீர் நிற்குமா?

கணக்கைப் பாருங்கள். மாருதி ஸ்விஃப்ட் காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடைவெளி 163 மில்லிமீட்டர். அதில் 35 குறைத்தால் மிச்சம் 128, அதாவது ஐந்து அங்குலம். மாமியார், பிள்ளைகள், சீர்வரிசை மூட்டை எல்லாம் ஏறினால் இன்னும் இறங்கும். வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அளவு சொல்லியிருக்கிறது. நம் ஊர்த் தெருக்களில் அந்த அளவைப் பார்த்தா போடுகிறார்கள்? குறுகலாக, முதுகெலும்பு மாதிரி நிற்கும். அதில் உரசி என்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தட்டு கிழிந்தால் செலவு யார் தலையில்?

ஓட்டுகிறவனுக்குப் பள்ளம் முன்னாலேயே தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் தயார் செய்துகொள்வான். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு? தூக்கிப் போட்ட பிறகுதான் தெரியும். ஏழு, எட்டு மாத வயிறு, சிசேரியன் தையல், நாள்பட்ட இடுப்புவலி, தலை நிற்காத கைக்குழந்தை — இவற்றுக்கெல்லாம் குலுக்கல் ஆகாது.

இன்னொன்று. புது ஸ்பிரிங்குக்குக் காசு இல்லையென்று, இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிடுகிற பட்டறைகள் உண்டு. இதை மட்டும் அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள்! வெட்டிய ஸ்பிரிங் தன் இடத்தில் சரியாக உட்காராது. கேஸ் வைத்துச் சூடு காட்டி வெட்டினால் எஃகின் முறுக்கும் போய்விடும். அமுக்கி வைத்த ஸ்பிரிங் கைதவறினால் குண்டு மாதிரி தெறிக்கும் என்பதால், வீட்டு வாசலில் வைத்துக் கழற்றுகிற வேலையும் வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி சொன்ன அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். விபத்து என்று வந்தால் இன்ஷ்யூரன்ஸ்காரரும் கேள்வி கேட்பார்.

வெறுமனே "வேண்டாம்" என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? நான் தையல் டேப்பை அவன் கையில் கொடுத்து, நாலு பேரை ஏற்றி அளந்து பார்க்கச் சொன்னேன். ஷாக் அப்சார்பர் பழசாயிருந்தால் மாற்று, டயரில் காற்றைச் சரியாக வை, வீல் அலைன்மென்ட் பார், வளைவில் வண்டி தானாக அடங்கும் என்றேன். அழகுதான் வேண்டுமென்றால் அதே அளவில் அலாய் வீல் போட்டுக்கொள்ளட்டுமே! இப்போது அந்த விலையை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

கர்ப்பிணிகள் எந்தக் காரில் போனாலும் சீட் பெல்ட்டை விடாதீர்கள். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் ஏறாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்போடு ஒட்டி வர வேண்டும். மேல்பட்டை இரு மார்புக்கும் நடுவே வந்து, வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதைவிடக் குழந்தைகளுக்கென்று உள்ள தனி சீட்டே பத்திரம். சீமந்தத்துக்கு என்ன வாங்குவது என்று யாராவது கேட்டால், கூசாமல் அதைச் சொல்லுங்கள்.