பதினாலாவது ரன்



போன சீசனில் ஒரு ராத்திரி, பூவத்தில் நண்டலாற்றுப் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பிஸ்கட் பாட்டிலில் சாய்த்து வைத்த செல்போனில் ஐபிஎல். சென்னை வீரர் ஒருவர் லட்டு மாதிரி வந்த கேட்ச்சை விட்டதும், டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "விட்டான் பாரு, எல்லாம் பிக்ஸிங்" என்றார். மஞ்சள் பனியன் போட்ட பையனுக்குப் பொறுக்கவில்லை.

"பனி விழுதுண்ணே, பந்து வழுக்கும்."

"போடா, ரெண்டு வருஷம் ஒதுக்கி வச்ச டீம்தானே!"

பையனுக்குப் பதினைந்து வயதிருக்கும். அந்தக் கதை தெரியாமல் என் முகத்தைப் பார்த்தான்.

சொன்னேன். 2015 ஜூலையில் நீதிபதி லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டு ஆண்டு நிறுத்தி வைத்தது. சென்னை வீரர்கள் ஆட்டத்தை விற்றதற்காக அல்ல. அணி நிர்வாகத்தில் இருந்த குருநாத் மெய்யப்பன் பெட் கட்டியதற்காக.

"வெளிய எல்லாரும் கட்டறதைத்தானே சார் அவரும் கட்டினாரு?"

இல்லை தம்பி. யாருக்குக் கால் பிடித்திருக்கிறது, நாளைக்கு யார் ஆடப்போவதில்லை என்பதெல்லாம் உள்ளே இருப்பவருக்கு முன்னாடியே தெரியும். பெட் வாங்கும் புக்கிக்கு அந்தத் தகவலே காசு.

ஆட்டத்தையே விற்றதாக எழுந்த புகார் வேறு. 2013 மே 9, மொகாலி. ராஜஸ்தான் பந்துவீச்சாளர் ஸ்ரீசாந்த் ஒரு ஓவரில் 14 ரன்னாவது கொடுப்பதாகப் பேச்சு, இடுப்பில் செருகிய துண்டுதான் அடையாளம் என்றது டெல்லி போலீஸ். அந்த ஓவரில் போனது 13! அவர் குற்றச்சாட்டை மறுத்தார். 2015இல் டெல்லி நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்தே விடுவித்தது. இந்த மாதிரி பேரத்தில் யார் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன? புக்கிக்கு ஒரு ஓவர் போதும்.

நம் நாட்டில் பிக்ஸிங்குக்கென்று தனிச் சட்டம் இல்லாததுதான் சங்கடம். 2022 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம், மேட்ச் பிக்ஸிங் மோசடிக்கான 420 பிரிவில் வராது என்று கர்நாடக பிரிமியர் லீக் வழக்கை ரத்து செய்தது. ரசிகர் தானாகத்தானே டிக்கெட் வாங்குகிறார், யாரும் ஆசை காட்டி வாங்க வைக்கவில்லையே என்பது வாதம். நாகையில் கப்பல் ஏறினால் வந்துவிடும் இலங்கையில், 2019 முதல் இதற்குப் பத்தாண்டு வரை சிறை.

அதே 2019இல் தமிழ்நாடு பிரிமியர் லீக் வீரர்கள் சிலருக்கு முகம் தெரியாதவர்களிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. அந்த வீரர்களே கிரிக்கெட் வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவிடம் சொன்னார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் அதுதான்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், பொங்கலுக்கு எங்க டென்னிஸ் பால் டோர்னமென்ட்ல ஒருத்தர் வந்து, மொத பந்து வைடு போடு, ஐநூறு தர்றேன்னாரு."

"போட்டியா?"

"இல்ல சார்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"யார்கிட்ட சார் சொல்றது?"

பொறையார் பஸ் வந்துவிட்டது.

அன்புடன்,
ஆசிரியர்