உருகியது இரும்பா, உயிரா?

பதினைந்தே ஆண்டுகளில் எஃகு உற்பத்தியில் பிரிட்டனை மிஞ்சிக் காட்டுவோம் என்று 1957 நவம்பரில் முழங்கினார் மாவோ. அடுத்த ஆண்டே பிறந்தது 'பெரும் பாய்ச்சல்'! 1957-ல் 53.5 லட்சம் டன்னாக இருந்த எஃகு, ஓராண்டில் 107 லட்சம் டன்னாக வேண்டும் என்பது கட்டளை. ஆலைகள் போதாவா? ஊருக்கு ஊர் உலை மூட்டு என்றார்கள்!

நமது மதுரையிலே காளவாசல் இருக்கிறது. இன்று அங்கே மேம்பாலம். பெயரிலே மட்டும் பழைய சூளை நிற்கிறது. சூளையிலே உழைத்தவரைக் கேட்டுப் பாருங்கள். பச்சைக் கல் நன்றாகக் காய வேண்டும், தீயைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் கல் வெடிக்கும் என்பார். பள்ளிக்கூடம் பாராத உழைப்பாளிக்குத் தெரிந்த இந்த உண்மை, பெய்ஜிங்கில் ஒருவருக்குமா தெரியவில்லை? தெரிந்திருந்தது! சொல்லத்தான் முடியவில்லை.

உலைக்கு இரும்பு வேண்டுமாம். வீட்டுச் சட்டியும் மண்வெட்டியும் உருகின. கரி வேண்டுமாம்; மரங்கள் சாய்ந்தன. கிடைத்ததில் பெரும்பகுதி எதற்கும் உதவாத கட்டி! கதிர் அறுக்க வேண்டிய கைகள் உலை ஊதிக்கொண்டிருக்க, விளைந்த பயிர் வயலிலேயே வீணாயிற்று.

1958 முடிவதற்குள் உழவர் குடும்பங்கள் அனேகமாக அத்தனையும் சுமார் 26,000 கம்யூன்களில் அடக்கப்பட்டன. நிலம் பொது, மாடு பொது, சமையல் பொது. கரண்டி மட்டும் அதிகாரி கையிலே!

ஒரு கம்யூன் பத்து மூட்டை என்று எழுதினால் அடுத்தது இருபது என்று எழுதும் போட்டி தொடங்கிற்று. காகிதத்தில் விளைந்த தானியத்துக்கு, களஞ்சியத்தில் இருந்த தானியத்தை அரசு வாரிக்கொண்டு போயிற்று. மக்கள் பசித்துக் கிடந்த 1959-ல் 40 லட்சம் டன்னுக்கு மேல் அயல்நாடுகளுக்குக் கப்பலேறியது! ஹெனான் மாநிலத்துச் சின்யாங் வட்டாரத்தில் மட்டும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். நாடெங்கும் மாண்டவர் ஒன்றரைக் கோடி என்பார் உண்டு, நாலரைக் கோடி என்பாரும் உண்டு. மூன்று கோடியை ஒட்டியே பல ஆய்வாளர் கணக்கிடுகின்றனர்.

வறட்சியல்லவா காரணம் என்பர் சிலர். 1962-ல் குடியரசுத் தலைவர் லியூ ஷாவ்சியே, இயற்கையின் பங்கு மூன்று, மனிதர் செய்தது ஏழு என்று உழவர்கள் கூறுவதைக் கட்சி மாநாட்டில் எடுத்துரைத்தாரே!

அவருக்கு முன்பே சொன்னவர் ஒருவர் உண்டு. கொரியப் போர்க்களத்தில் சீனப் படையை நடத்திய பெங் தெஹுவாய், பாதுகாப்பு அமைச்சர். 1959 ஜூலையில் லூஷான் மாநாட்டின்போது, நிலைமையை விளக்கி மாவோவுக்குக் கடிதம் எழுதினார். பலன்? பதவி பறிபோயிற்று! படைத்தலைவனுக்கே இந்தக் கதி என்றால் கிளைச் செயலாளன் வாய் திறப்பானா?

பொதுவுடைமைத் தோழர்கள் நம்மீது பாய வேண்டாம். சமதர்மம் நமக்கு வேம்பல்ல. 1932-லேயே சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்து வந்தவர் பெரியார். சீனத்து நிலச்சுவான்தாரின் கொடுமை ஒழிய வேண்டியதே. மாற்றம் வேண்டும், ஆனால் மறுத்துப் பேசவும் வழி வேண்டும். 1957-ல் கேரளத்தில் வாக்குச்சீட்டால் ஆட்சிக்கு வந்த பொதுவுடைமைக் கட்சி, நிலச்சீர்திருத்தத்தைச் சட்டமன்றத்தில் வைத்து வாதாடித்தானே நிறைவேற்றிற்று? அந்த ஆட்சியை 1959-ல் டெல்லி கலைத்தது அநீதி. அதே மக்கள் 1967-ல் அந்த ஆட்சிக்குத் தலைமை தாங்கிய நம்பூதிரிபாடை மீண்டும் முதலமைச்சராக்கினர்.

நம் தமிழகத்திலும் அரிசிக்குத் திண்டாட்டம் வந்தது. மக்கள் மேடையில் கேட்டனர், ஏட்டில் எழுதினர், 1967-ல் ஆட்சியையே மாற்றினர். சீனத்து உழவனுக்கு அந்தச் சீட்டு இல்லை. ஆகவே அவனுக்குச் சோறும் இல்லை.

தோழர்களே! இது சீனத்துக்கு மட்டும் சொன்ன பாடமன்று. கிளையிலிருந்து மேலே போகும் ஒவ்வோர் அறிக்கையும் ஓர் உயிர்க் கணக்கு. நியாயவிலைக் கடையில் அரிசி இல்லையென்றால் இல்லையென்று எழுதுங்கள். திட்டம் ஊருக்கு ஒவ்வாதென்றால் ஒவ்வாதென்று கூறுங்கள். எந்தக் கட்சி ஆண்டாலும், நம் கட்சியே ஆண்டாலும் கூறுங்கள்! மேலிடம் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மக்களின் வயிறு சுருங்கக் கூடாது!